அரசு கொடுக்கும் பணத்தை நிறுத்தச் சொல்லி அப்பா அடம் பிடிக்கிறார்

கேள்வி: ஆர்மோனியக்காரர் மகள் (மேலூர் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேடை ஏறியவர்களும் அரசு வேலை பார்த்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால்தான் கேட்கிறேன்.

என் அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நாற்பத்து மூன்று வருஷம். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாத மந்தை (ஊர்ப் பொதுத்திடல்) குறைவு. இப்போது 72 வயது. ஸ்பெஷல் நாடகம் பார்த்திராத தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன், இது ஒரே குழுவாக ஊர் ஊராகப் போகும் கம்பெனி நாடகம் இல்லை. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரிபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் (கோமாளி) வேறு ஊர், மிருதங்கம் இன்னொரு ஊர். ஏஜென்ட் மூலமாகத் தேதி முடிவாகும். அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்துவிட்டார். அவர் எழுதி வைத்த பாடம் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை நாடகம் ஓடும். வள்ளியும் முருகனும் தர்க்கம் பண்ணும்போது பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆர்மோனியக்காரர் இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் பாட்டெடுக்கும் முன்னால் விரல் அந்தக் கட்டையில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது இருந்தது. "பெரியவர் பெட்டி இருந்தால் பயமில்லாமல் பாடலாம்" என்று ஸ்திரிபார்ட் அக்காமார்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

2020-ல் பங்குனி, சித்திரை சீசன் முழுக்க ஊரடங்கில் போனது. அடுத்த வருஷமும் உருப்படியாக நடக்கவில்லை. அதற்குப் பிறகு கண்ணில் புரை, இடது கையில் நடுக்கம். பெட்டி பரணுக்குப் போய்விட்டது. வயதான கலைஞர்களுக்கு அரசு கொடுக்கும் மாதம் 3000 ரூபாய்க்கு நான்தான் விண்ணப்பம் எழுதி, வருமானச் சான்றுக்கு நடந்து, பழைய நாடக நோட்டீஸ்களை எல்லாம் நகலெடுத்து இணைத்தேன். கிடைத்தது. அந்தப் பணத்தில் அவருடைய மருந்தும் பால் கணக்கும் ஓடுகிறது.

போன மாதம் அக்கா பேத்திக்குக் காதுகுத்து, திருமங்கலத்தில். பந்தியில் பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் வரிக்கு வந்தது. அத்தான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், எங்கள் கல்யாணங்களுக்கு எல்லாம் கை கொடுத்தவர். அப்பா பக்கத்தில் இருப்பதை மறந்துதான் பேசியிருப்பார். "நான் மாசாமாசம் ஜி.எஸ்.டி. கட்டுறேன். அதை எடுத்து ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் கொடுத்தா எப்படி? ரோடு போடட்டும், ஆஸ்பத்திரி கட்டட்டும். ஆட்டம் பிடிச்சவன் டிக்கெட் வாங்கிப் பாக்கட்டும். யாரும் வாங்கலைன்னா அந்தக் கலைக்குக் காலம் முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்றார்.

அப்பா இலையை மூடிவிட்டார்.

மறுநாள் காலையில் என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "அந்தக் காசு வேண்டாம்னு எழுது, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் சர்க்கார்கிட்ட வாங்கித் தின்னவன் இல்லம்மா. ஊர்க்காசு வாங்கினேன், ராத்திரி முழுக்க வாசிச்சேன், விடிஞ்சதும் கணக்கு முடிஞ்சது. இப்ப வாசிக்காம வாங்குறேன். அதுவும் நலிந்த கலைஞர்னு எழுதிக் கொடுத்து வாங்குறேன். நான் எங்க நலிஞ்சேன்? என் கை நலிஞ்சது."

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். அத்தானுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, அப்பாவுக்கும் சொல்ல வேண்டும்.

அத்தான் சொன்ன டிக்கெட் விஷயம் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் நாடகத்துக்கு எந்தக் காலத்தில் டிக்கெட் இருந்தது? மந்தையில் நடக்கும். வருகிறவர்கள் பாயை விரித்து உட்கார வேண்டியதுதான். பக்கத்து ஊரிலிருந்து வந்த கிழவி பேரனை மடியில் போட்டுக்கொண்டு பார்ப்பாள், அவளிடம் ஒரு பைசா யாரும் கேட்டதில்லை. ஆனால் செலவை யாரோ போட்டார்கள்தானே? திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போடுவார்கள். போதவில்லை என்றால் கண்மாய் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தில் வந்த பணம் வரும். நாடகம் பிடிக்காதவனும் அந்த வரியைக் கட்டத்தான் செய்தான். கண்மாய் மீன் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அப்படியென்றால் அப்பா "ஊர்க்காசு" என்று பெருமையாகச் சொல்வதும் வரிப்பணம்தானே? கிராமம் போட்டால் மரியாதை, அரசு போட்டால் பிச்சை என்று ஏன் ஆனது?

இது ஒரு கேள்வி. ஜனநாயக நாட்டில் அரசு கலைக்குக் காசு கொடுப்பது சரிதானா என்பது இன்னொன்று. கொடுப்பது சரி என்றால் அப்பா ஏன் கூனிக்குறுகுகிறார்? தாள் இன்னும் மேஜைமேல் அப்படியே கிடக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: பழைய கோப்பு (மதுரை)

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். நான் முப்பத்தொரு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். நிறுத்துவதற்கு ஒரு தாள் போதும். திரும்பப் பெறுவதற்கு நீங்கள் மறுபடியும் எல்லாப் படியும் ஏற வேண்டும்.

இனி உங்கள் அத்தானுக்கு. மன்னர்களும் ஜமீன்களும் இருந்தவரைக்கும் கலைஞர்களுக்கு அந்த வாசல்கள் இருந்தன. சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் வித்துவான்களை வைத்துப் பார்த்த இடங்கள். 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதே வருஷம் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. உழுகிறவனுக்கு அது விடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜமீனை நம்பியிருந்த பாட்டுக்காரர் எங்கே போவார்? 1953 ஜனவரி 28 அன்று டெல்லியில் சங்கீத நாடக அகாடமி தொடங்கியபோது கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் பேசியது இதைத்தான். ஜனநாயகத்தில் கலைக்கு மக்கள்தான் ஆதாரம், மக்களின் விருப்பம் திரண்டு நிற்கும் வடிவம்தான் அரசு, எனவே கலையைப் பேணுவது அரசின் முதல் பொறுப்புகளில் ஒன்று என்றார். இரண்டு வருஷத்தில், 1955-ல், நம் மாநிலத்திலும் சங்கீத நாடக சங்கம் வந்தது. இன்றைக்கு அது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு என்று தனி நலவாரியம் 2007-ல்தான் வந்தது. கரகம், ஒயில், தேவராட்டம் ஆடுகிறவர்களையும் கணக்கில் எடுக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. என்னைக் கேட்டால், அத்தான் கோபப்பட வேண்டியது இந்தத் தாமதத்துக்காக.

அரசு நேரடியாகத் தன் கையால் கொடுத்தால் வேண்டியவன் வேண்டாதவன் என்று வரும் என்ற பயம் உலகமெங்கும் உண்டு. பிரிட்டனில் 1946-ல் கலைக்கான கவுன்சிலை அமைத்தபோது, பணம் அரசுடையது, யாருக்குக் கொடுப்பது என்பதை அமைச்சர் முடிவு செய்யக்கூடாது என்று பிரித்து வைத்தார்கள். நம்முடைய அகாடமிகளையும் தன்னாட்சி அமைப்புகளாக வைத்தது அதே எண்ணத்தில்தான். நடைமுறையில் எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு கதை. ஆனால் எண்ணம் சரியானது.

அப்பா சொன்ன "நலிந்த" என்ற அந்தச் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு ஊழியனான எனக்கு வருவதற்கு ஓய்வூதியம் என்று பெயர். நான் கடைசியாகக் கையெழுத்துப் போட்டு வருஷக்கணக்காகிறது. வேலை பார்க்காமல் வாங்குகிறேன் என்று எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. முப்பது வருஷ உழைப்புக்கு வருகிறது. உங்கள் அப்பாவுக்கு நாற்பத்து மூன்று வருஷ உழைப்பு. "நலிந்த" என்று எழுதியதால் அது இரக்கப்பட்டுக் கொடுப்பது போல ஆகிவிட்டது. பெயரை மாற்ற வேண்டும். தொகையை உயர்த்துவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது என்பேன்.


பதில் 2: கொட்டுச்சத்தம் (உசிலம்பட்டி பக்கம்)

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அப்பாவின் வேதனை புரிகிறது. ஆனால் ஊர்க்காசைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தில் எனக்குக் கொஞ்சம் வலித்தது. மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள்.

நான் பறை அடிக்கிறவன். எங்கள் தாத்தா, அப்பா எல்லாரும் அடித்தவர்கள்தான். எங்கள் ஊரில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது எங்கள் தெருவில் வாங்க மாட்டார்கள். சின்னப் பையனாக இருந்தபோது, காசு கட்ட வேண்டாம், நல்லதுதானே என்று நினைத்தேன். அப்பாதான் சொன்னார். வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும், என்ன நாடகம் போடுவது, சாமி எந்தத் தெரு வழியாக வருவது என்பதில் எல்லாம் எங்களுக்கும் வாய் வந்துவிடும், அதனால் வாங்க மாட்டார்கள் என்றார். நாங்கள் கொட்டுவோம். கூலியாக நெல்லும் சில்லறையும் கொடுப்பார்கள். மந்தையில் நாடகம் நடக்கும்போது நாங்கள் நின்று பார்த்த இடம் தனி. அங்கே பாய் விரித்ததில்லை. நீங்கள் சொன்ன அந்தக் கிழவி எங்கள் தெருக்காரியாக இருந்திருந்தால் மந்தைக்குள் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

பொங்கல் சமயத்தில் அரசு நடத்திய கலைவிழா ஒன்றுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். பஸ் அனுப்பினார்கள். மேடைக்குப் பின்னால் எல்லாருக்கும் நாற்காலி போட்டிருந்தது. என் மாமாவுக்கு அப்போது அறுபது வயது. நாற்காலியைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நாதஸ்வரக்காரர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். மைக்கில் எங்கள் குழுவின் பெயரைச் சொன்னார்கள். சாவுக்கு மட்டும் கூப்பிட்டவர்களே அன்றைக்குக் கைதட்டினார்கள். ஊர்க்காசில் எங்களுக்கு இது கிடைத்ததே இல்லை அக்கா, ஒரு தடவைகூட.

அதனால் அத்தானிடம் நான் இதைத்தான் சொல்வேன். டிக்கெட் வாங்கக் காசு உள்ளவன் என்ன விரும்புகிறானோ அதுமட்டும்தான் கலை என்றால், என் பறை இன்னும் சாவு வீட்டு வாசலில்தான் நிற்கும். எல்லாருடைய வரியும் சேர்ந்த பணம் என்பதால்தான் அதில் எனக்கும் பங்கு இருந்தது.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பணத்தை விடச் சொல்லாதீர்கள்.


பதில் 3: தெற்குவாசல் (மதுரை)

கொட்டுச்சத்தம் தம்பி எழுதியதற்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் எழுத்தறிவு கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தபோது வீதி நாடகத்துக்குள் வந்தவன் நான். வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் போகாத தெரு இல்லை. எழுத்துக்காகப் போட்ட நாடகங்கள் அவை, அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். பிறகு அரசு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு முறை தண்ணீர் சேமிப்பு பற்றி நாடகம் கேட்டார்கள். கண்மாயைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றி எப்படிப் பேசுவது? கண்மாயை யார் மடக்கினார்கள், வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டது என்று ஒரு காட்சி வைத்தோம். முதல் நாள் பார்க்க வந்த அதிகாரி, நாடகம் நன்றாக இருக்கிறது, அந்தக் காட்சி மட்டும் வேண்டாம் என்றார். மிரட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். ஆறு பேருடைய இரண்டு மாதக் கூலி அதில் இருந்தது. எடுத்துவிட்டோம். குழாயை மூடு, வாளியில் குளி என்று பாடிவிட்டு வந்தோம். அன்றைக்கு எடுத்த காட்சியை நாங்கள் பிறகு எங்குமே போடவில்லை. தானாகவே விட்டுப்போய்விட்டது. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

அரசுக்கு மேடைமேல் எப்போதும் ஒரு கண் உண்டு. வெள்ளைக்காரன் 1876-ல் நாடகச் சட்டம் போட்டான். சுதந்திரம் வந்து ஏழே வருஷத்தில், 1954-ல், இங்கேயும் ஒரு நாடகச் சட்டம் போட்டார்கள். எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து வந்தது என்பது ஊரறிந்த விஷயம். அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013-ல். கிட்டத்தட்ட அறுபது வருஷம். வெள்ளைக்காரன் போட்ட 1876 சட்டம் எத்தனை அரசுகள் மாறியும் இருந்து, 2018-ல்தான் நீக்கப்பட்டது. மன்றம் வைத்துக் கலையை வளர்த்ததும் சட்டம் வைத்து நாடகத்தைக் கண்காணித்ததும் ஒரே காலத்தில்தான்.

திருமங்கலத்து அத்தானிடம் ஒன்று கேளுங்கள். அவர் ஊரில்தான் தியாகி விசுவநாத தாஸின் நினைவு இல்லம் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்து ராஜபார்ட். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடியவர். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு அது. மேடையிலேயே வைத்துக் கைது செய்வார்கள், வெளியே வந்து திரும்ப அதையே பாடுவார். 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் போனது. அந்தக் காலத்து அரசு அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து வந்திருந்தால் அந்தப் பாட்டைப் பாடியிருப்பாரா? பாடியிருப்பார் என்றுதான் நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் கண்மாய்க் காட்சியை எடுத்தவன் நான். எல்லாராலும் முடியாது.

1975 ஜூலையில், நெருக்கடி நிலை அறிவித்துச் சில வாரங்களில், முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பிறந்தது இதே மதுரையில்தான். அந்தச் சங்கத்தின் கலை இரவுகளைத் தெருத்தெருவாக உண்டியல் குலுக்கித்தான் நடத்தினோம். அந்தச் சில்லறைக்கு எடை கூட, ஆனால் யாரும் காட்சியை எடுக்கச் சொல்லவில்லை. முடிந்தவரைக்கும் சனங்களிடம் நேராக வாங்குவதுதான் என் வழி. வயதான கலைஞருக்குக் கொடுப்பது வேறு. அது உரிமை, அதில் நிபந்தனை இல்லை. அப்பா வாங்கட்டும். மேடையில் நிற்கிறவர் வாங்கும்போதுதான் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.


பதில் 4: மணலில் மதுரைக்காரன் (துபாய்)

சகோதரி, நான் சோழவந்தான்காரன். சின்ன வயதில் வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக எத்தனை நாடகம் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அப்பாவுக்கு அரசுப் பணம் கசக்கிறது என்றால் விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த 3000-ஐ நான் அனுப்புகிறேன். மாதம் தவறாது. கலைஞனைக் காப்பாற்ற ரசிகன் போதும்.


பதில் 5: ஆர்மோனியக்காரர் மகள் (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் அப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் தெரியாததால் முகத்தைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டே கேட்டார்.

துபாய் அண்ணனுக்கு முதலில். உங்கள் மனசுக்குக் கும்பிடு போடச் சொன்னார். ஆனால் வேண்டாம் என்றார். காரணத்தையும் சொன்னார். அவர் வாலிபத்தில் ஒரு பெரிய மனுஷர் வீட்டில் மாதம் இவ்வளவு என்று கொடுத்து வந்தார்களாம். அந்த வீட்டுக் கல்யாணம், சடங்கு, எலக்‌ஷன் எல்லாவற்றுக்கும் போய் வாசிக்க வேண்டியிருந்திருக்கிறது. ஒரு முறை காய்ச்சல் என்று போகவில்லை, அத்தோடு நின்றுவிட்டது. "ஒருத்தர்கிட்ட வாங்கினா அவர் வர்றப்ப எந்திரிச்சு நிக்கணும். சர்க்கார் காசு எல்லார் காசும் சேந்தது. அதுல யாரைப் பாத்து எந்திரிக்கிறது?" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பத்து நாளாக நான் சொல்ல முடியாமல் தவித்ததை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

பழைய கோப்பு அய்யா எழுதியதில் ஓய்வூதியம் என்ற சொல்லை இரண்டு தடவை திரும்ப வாசிக்கச் சொன்னார்.

தெற்குவாசல் அண்ணன் சொன்ன விசுவநாத தாஸ் கதை அவருக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அந்தக் காலத்து மேடைகளைப் பார்த்தவராம். கண்மாய்க் காட்சியைப் பற்றி ஒன்று சொன்னார். ஊர்க்காசிலும் அது உண்டாம். அம்பலகாரர் (ஊர்த் தலைவர்) வீட்டு வழக்கு நடக்கும்போது பபூன் அந்தப் பக்கம் வாயைக் கொண்டுபோகக் கூடாது என்று மேடை ஏறும் முன்பே சொல்லிவிடுவார்களாம். "சனங்க காசுன்னா சனம் எல்லாத்தையும் பேச விட்டுச்சுன்னு நெனைக்காதப்பா" என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னார். இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. காசு எங்கிருந்து வந்தாலும் கூடவே ஒரு கயிறு வருகிறது, பல பேரிடமிருந்து வந்தால் எந்த ஒரு கயிறும் அவ்வளவு இறுகாது என்று இப்போது தோன்றுகிறது. அரசும் கொடுக்கட்டும், ஊரும் கொடுக்கட்டும், உண்டியலும் குலுங்கட்டும்.

கொட்டுச்சத்தம் தம்பிக்கு எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. உங்கள் பதிலை வாசித்து முடித்ததும் அப்பா "அந்தப் பையன் எந்த ஊர்?" என்று கேட்டார். பக்கம் மட்டும்தான் போட்டிருக்கிறார், ஊர் போடவில்லை என்றேன். "எந்த ஊரா இருந்தாலும் அப்படித்தான்" என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். மேடைக்குப் பின்னால் எங்களுக்கு இலை போட்டார்கள், கொட்டு அடித்தவர்களுக்கு வேலியோரமாகக் கையில் கொடுத்தார்கள், நான் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன், நாற்பத்து மூன்று வருஷமும் சாப்பிட்டேன் என்றார். தம்பி, ஊர்க்காசு என்று நான் எழுதியபோது என் கண்ணில் மந்தையின் நடுப்பகுதி மட்டும்தான் இருந்தது. உங்கள் தெருவை நான் பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

வெள்ளைத்தாளில் எழுதியாயிற்று. ஆனால் நிறுத்தச் சொல்லும் கடிதம் இல்லை. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நவம்பர் 1 அன்று கிராம சபை இருக்கிறது. வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது, ஊரில் ஓட்டு உள்ள எல்லாரும் அதில் உறுப்பினர்தான். தலைக்கட்டு வரி கட்டினாயா என்று அங்கே யாரும் கேட்க முடியாது. எங்கள் ஊர் மந்தையில் வருஷத்துக்கு ஒரு ராத்திரி அரசு செலவில் கலைநிகழ்ச்சி வேண்டும், முதலில் பறை, பிறகு நாடகம், இரண்டும் ஒரே மேடையில், கலைஞர்கள் எல்லாருக்கும் ஒரே பந்தி என்று தீர்மானம் கேட்டு எழுதியிருக்கிறோம். நிறைவேறினால் மாவட்டத்துக்கு அனுப்பலாம். எதிர்ப்பு வரும். யார் யார் எழுந்திருப்பார்கள் என்றுகூட அப்பா வரிசையாகச் சொல்லிவிட்டார். "ஒரே பந்தி" என்ற வரியை வேண்டுமானால் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், அது இருக்கட்டும் என்றார்.

அத்தான் இன்னும் அதே கருத்தில்தான் இருக்கிறார். போன் பண்ணி அப்பாவிடம் வருத்தம் தெரிவித்தார், ஆனால் வரியைப் பற்றி நான் சொன்னது தப்பில்லை மாமா என்றும் சொன்னார். அப்பா, சரிப்பா, நவம்பர் கழித்து நேரில் பேசுவோம் என்று வைத்துவிட்டார்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறோம். துருத்தியில் இரண்டு இடத்தில் ஓட்டை, மேல் கட்டையில் மூன்று ரீடு பேசவில்லை. மதுரையில் பழைய ஆர்மோனியம் சரி பண்ணுகிறவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன்.